இருபத்தோராவது ஆள்

டிங்கர்ஸ் ஃப்ளாட் ஊரில் ஜேபஸ் ட்ரெவீனாவுக்கு இருந்த மரியாதை சேப்பல் போதகருக்குக்கூடக் கிடையாது. போதகரே ஒருமுறை கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு இதைச் சொல்லியிருக்கிறார். ஆறு வருஷமாக ஊர்க் கால்பந்து அணிக்கு ஜேபஸ்தான் கேப்டன். பந்தைக் கையாலும் பிடித்து, காலாலும் உதைத்து ஆடும் கால்பந்து அது. அவன் தெருவில் நடந்தால் ஆண்கள் வாயிலிருந்து பைப்பை எடுத்துவிட்டு வணக்கம் சொல்வார்கள். பெண்கள் கதவைத் திறந்து, இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்றைச் சூடாகத் துணியில் சுற்றிக் கையில் திணிப்பார்கள். இத்தனை மரியாதையும் செய்த ஊரை விட்டு எப்படியாவது தப்பித்துப் போய்விட வேண்டும் என்பதுதான் மூன்று வருஷமாக அவனுடைய ஒரே கவலை.

காரணம் நெஞ்சு. வீல் ஹோப் சுரங்கத்தில் துளைபோடும் இயந்திரம் வந்ததிலிருந்து கீழே இறங்குகிறவன் கல்தூசியைத்தான் மூச்சாக விட்டுக்கொண்டிருந்தான். ஜேபஸின் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் அதில் போனார்கள். மூவரில் ஒருவர்கூட நாற்பதைப் பார்க்கவில்லை. ஜேபஸுக்கு முப்பத்து மூன்று நடக்கிறது. இருமல் வந்தால் யாருக்கும் தெரியாமல் ஏதாவது மறைவுக்குப் போய் இருமிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவான். டாக்டர் அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கடல் காற்றுள்ள ஊருக்குப் போனால் பிழைக்கலாம், இங்கேயே இருந்தால் இரண்டு வருஷம் என்று நேராகவே சொல்லிவிட்டார்.

கடல் காற்றும் அவனைத் தேடி வரத்தான் செய்தது. மேற்குக் கரையில் ஃப்ரீமாண்டிலிலிருந்து ஒரு கடிதம். அங்கே ஒரு புது அணிக்குத் தலைமை தாங்க மூளையுள்ள கேப்டன் வேண்டுமாம். ஓட முடியாவிட்டாலும் பரவாயில்லை, நின்ற இடத்திலிருந்து ஆட்டத்தை நடத்தினால் போதுமாம். துறைமுகக் கிடங்கில் சங்கிலியும் கயிறும் பார்த்துக்கொள்ளும் வேலை, குடியிருக்க இரண்டு அறை. ஒரே ஒரு நிபந்தனை, வரும்போது, போகலாம் என்று பழைய ஊர்க் கால்பந்துச் சங்கம் கொடுத்த பெர்மிட்டோடு வர வேண்டும். பெர்மிட் இல்லாத ஆட்டக்காரனை எந்த ஊரிலும் எந்த அணியும் தொடாது. அந்தப் பெர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் சங்கத்தின் தலைவர். தலைவர் யாரென்றால், வீல் ஹோப் சுரங்கத்தின் மேலாளர் ஆர்மிஸ்டன்.

ஆர்மிஸ்டன் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. ஜேபஸைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து, ஆட்களையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கூண்டு வந்து நிற்கும் இடத்தில் வண்டி தள்ளும் வேலை கொடுத்தவர் அவர்தான். கேப்டனாக இருக்கும்வரை அந்த வேலை அவனுக்கு. மேலே என்றால் நல்ல காற்று என்று நினைத்துவிட வேண்டாம். இருபது தப்படி தள்ளிக் கல் இடிக்கும் ஆலை பகலும் இரவும் தூசியைக் கக்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் கீழே இருப்பதற்கு இது மேல். போன வருஷம் ஃப்ரீமாண்டில் பேச்சை எடுத்தபோது ஆர்மிஸ்டன், "கோப்பையை வாங்கிக் குடு, கையெழுத்துப் போடுறேன்" என்றார். வாங்கிக் கொடுத்தான். "மூணு வருஷம் தொடர்ந்து வாங்கினா அது சரித்திரம்டா. இன்னும் ஒரே ஒரு வருஷம்" என்றார். இன்று அந்த மூன்றாவது வருஷத்தின் கடைசி ஆட்டம். எதிரணி காலன் க்ரீக்.

காலையில் அவன் மனைவி கெசியா அடுப்படியில் நின்றபடி கேட்டாள், "இன்னைக்கு ஜெயிச்சா அந்த ஆளு கையெழுத்துப் போட்டுருவாருன்னு நெஜமாவே நம்புறியா?"

"வார்த்தை குடுத்திருக்காரு."

"போன வருஷமும்தான் குடுத்தாரு. கறக்கிற மாட்ட எவனாச்சும் அவுத்து விடுவானா?"

"அப்ப என்னை என்னதான் செய்யச் சொல்ற?"

"தோத்துட்டு வா."

ஜேபஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "பத்தொன்பது பேரு என்னை நம்பிக் கையக் கால ஒடச்சுக்கிறானுங்க, கெசியா."

"நீ செத்தா அந்தப் பத்தொன்பது பேரும் கறுப்புத் துணி கட்டிக்கிட்டு வந்து பெட்டியத் தூக்குவானுங்க. ஒங்க அப்பாவத் தூக்கினானுங்க, அண்ணனுங்களத் தூக்கினானுங்க. பழக்கம் இருக்கு, ஆடாம தூக்குவானுங்க."

அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவளுக்கு வாய் அதிகம் என்று நினைத்துக்கொண்டே நடந்தான். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதையும் நினைத்துக்கொண்டே நடந்தான்.

மைதானம் சுரங்கத்துக் கல்மேட்டுக்குக் கீழே இருந்தது. மூன்று நாள் மழையில் நடுப்பகுதி முழுக்கச் சேறு. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் இருபது பேரில் ஒருவனான ஒபதியா வரவில்லை. காலை ஷிஃப்டில் இறங்கியவன். கூண்டுக் கயிற்றில் ஏதோ கோளாறு, கீழேயே நிற்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஊருக்கு இது புதிதில்லை. சுரங்க ஊரில் பாதி நாள் ஒருவனாவது கீழே மாட்டிக்கொள்வான். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வேலியோரம் நிற்கிறவர்களில் ஒருவனை இறக்கிவிடுவது. உரிய ஆள் வந்ததும் கேப்டன் போய் இறங்கியவன் தோளைத் தட்டுவான், தட்டு வாங்கியவன் வெளியேற வேண்டும். கேப்டன் கை படாமல் வேறு எவன் சொன்னாலும் போகக் கூடாது. முன்பொரு முறை காலன் க்ரீக்காரன் ஒருவன் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தே இவர்கள் ஆளை வெளியே அனுப்பிவிட்டதால் வந்த வழக்கம் அது.

அன்று ஜேபஸ் கைகாட்டிய ஆள் கொல்லன் ஹானிபல். வண்டிச் சக்கரம் மாதிரி உடம்பு, குழந்தை மனசு. பத்து வருஷமாக வேலியோரம் நின்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தவன்.

"நானா கேப்டன்? நெஜமா நானா?"

"நீதான்டா. ஒபதியா வர்ற வரைக்கும் பின்னாடி நில்லு. பந்து வந்தா ஒதை. வரலேன்னா சும்மா நில்லு. நான் வந்து தோளத் தட்டினாத்தான் போகணும், தெரியும்ல?"

"நீ தட்டுற வரைக்கும் பூமி பொளந்தாலும் போக மாட்டேன் கேப்டன்."

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது நடந்துகொண்டிருந்தபோது இரண்டு அணிக்கும் மும்மூன்று கோல். ஜேபஸுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கிழிவதுபோல வந்தது. பூட்ஸ் நாடா அறுந்துவிட்டதாகச் சைகை காட்டிவிட்டு, வேலியோர யூக்கலிப்டஸ் மரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து இருமினான். உள்ளங்கையில் வந்ததைப் புல்லில் துடைத்தான். அதே நேரத்தில்தான் ஒபதியா சட்டையெல்லாம் சுரங்கத்து மெழுகுவர்த்திக் கறையோடு ஓடி வந்து, ஊரே கைதட்ட, களத்தில் குதித்தான். திரும்பி வந்த ஜேபஸுக்கு அவனைப் பார்த்ததும் உயிர் வந்தது. ஒபதியா போல ஓடுகிறவன் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. "முன்னாடி போடா, முன்னாடி!" என்று கத்தினான். பின்னால் ஒருவன் நிற்கிறான், அவன் தோளைத் தட்ட வேண்டும் என்பது அந்த நிமிஷத்தில் அவன் மூளையில் இல்லவே இல்லை.

அதன்பிறகு இவர்களுக்கு மடமடவென்று இரண்டு கோல் விழுந்தது. கடைசிப் பகுதியில் எல்லோர் சட்டையும் ஒரே சேற்று நிறம். எவன் எந்த ஊர்க்காரன் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. பின்னால் நின்று அலுத்துப்போன ஹானிபல் யாரையும் கேட்காமல் முன்னால் வந்து, கையில் விழுந்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். அது இரண்டு கம்பத்துக்கும் நடுவே போய் விழுந்தது. ஆறுக்கு மூன்று. அழுதுகொண்டே ஓடி வந்து ஜேபஸைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

"கேப்டன்! நான் அடிச்சேன் கேப்டன்! எங்கப்பன் பாத்திருக்கணும்!"

காற்றில் தொங்கிக்கொண்டிருந்த ஜேபஸின் கண் அவன் தலைக்கு மேலே ஒபதியாவைப் பார்த்தது. அப்போதுதான் உறைத்தது. களத்தில் தங்கள் ஆட்கள் இருபத்தோரு பேர்.

அந்தக் காலத்தில் ஒரு அணிக்கு இருபது பேர். சந்தேகம் வந்தால் எதிரணிக் கேப்டன் நடுவரிடம் ஆள் எண்ணச் சொல்லிக் கேட்கலாம். எண்ணும்போது ஒருவன் கூடுதலாக இருந்தால் அதுவரை அந்த அணி அடித்த கோல் அத்தனையும் போயிற்று, வெறும் பூஜ்யம். எண்ணச் சொல்லிக் கேட்காவிட்டால் ஒன்றும் இல்லை. இன்னும் பத்து நிமிஷம்தான். ஹானிபலின் தோளைத் தட்டி, காலைப் பிடித்துக்கொண்டு நொண்டிப் போடா என்று அனுப்பிவிட்டால் ஈ காக்கைக்கும் தெரியாது. ஜேபஸின் கை அந்தத் தோளுக்குப் போயும்விட்டது.

அந்த நேரம் பார்த்து வேலியோரத்திலிருந்து ஆர்மிஸ்டன் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு கத்தினார். "அடுத்த வருஷமும் நம்மளுதுதான்டா ஜேபஸ்! அடுத்த வருஷமும் நீதான்டா!"

பாவம், அவர் சந்தோஷத்தில் கத்தினார். தான் கொடுத்த வார்த்தை அவருக்கு ஞாபகமே இல்லை. ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கிறவனோடாவது சண்டை போடலாம், மறந்தே போனவனோடு என்ன செய்வது? ஜேபஸுக்குத் துறைமுகமும் அந்த இரண்டு அறைகளும் ஒரேயடியாகத் தூரத்துக்குப் போய்விட்டன. அவன் கை ஹானிபலின் தோளிலிருந்து நழுவிக் கன்னத்தைத் தட்டியது. "நல்ல கோல்டா" என்றான்.

பிறகு நடுக்களத்துக்கு நடந்தான். தோற்றுப்போன கேப்டனை எந்த ஊர்தான் வைத்துக்கொள்ளும்? துரத்திவிடுவார்கள். துரத்தினால் கையெழுத்துத் தானாக வரும். கூடவே இன்னொரு குரலும் கேட்டது: இது நியாயம்தானே, ஆள் கூடுதல்தானே, இருப்பதைத்தானே சொல்கிறோம். எந்தக் குரலை நம்பி நடந்தோம் என்று பிற்பாடு எத்தனை நாள் யோசித்தும் அவனுக்கு விளங்கவில்லை.

காலன் க்ரீக் கேப்டன் மலாக்கி கெராட்டி சேற்றில் கை ஊன்றி எழுந்துகொண்டிருந்தான். ஜேபஸ் அவன் பக்கத்தில் குனிந்து, பூட்ஸைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்தான்.

"மலாக்கி, எங்க ஆளுங்கள எண்ணச் சொல்லு."

"என்னது?"

"நடுவர்கிட்டப் போயி எண்ணச் சொல்லுன்னேன்."

மலாக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தான். "இதுல என்னடா சூழ்ச்சி வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல. சீக்கிரம் போ, மனசு மாறிடப் போகுது."

மலாக்கி கையைத் தூக்கினான். நடுவர் ஊதலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். டிங்கர்ஸ் ஃப்ளாட் ஆட்கள் நடுக்களத்தில் வரிசையாக நிற்க வைக்கப்பட்டார்கள். ஊர் சிரித்தது, தோற்கப் போகிறவன் கடைசியில் இதைத்தான் கேட்பான் என்று கேலி செய்தது. நடுவர் ஒவ்வொருவன் நெஞ்சிலும் விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். வரிசையின் கடைசியில் ஹானிபல் நின்றிருந்தான். முதல் கோல் அடித்த பூரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"இருபது" என்றார் நடுவர். அடுத்து ஹானிபலின் நெஞ்சில் விரலை வைத்து, சங்கடத்தோடு, "இருபத்தொண்ணு" என்றார்.

ஆறு கோலும் போயின. பாக்கி இருந்த நேரத்தில் உயிரைக் கொடுத்து ஆடி இரண்டு அடித்தார்கள். அதில் ஒன்று ஜேபஸே அடித்தது. தோற்க வேண்டும் என்று மனசு சொன்னாலும் பந்து கைக்கு வந்ததும் கால் கேட்கவில்லை. மூன்றுக்கு இரண்டு என்று மணி அடித்தது.

கூட்டம் வேலியைத் தாண்டி நேரே ஹானிபலிடம் போனது.

"எவனைக் கேட்டுடா உள்ள நின்ன, எருமை?"

"கேப்டன் தட்டல... கேப்டன் தட்டினாத்தான்..."

"தூக்கிச் சேத்துக் குட்டையில போடுங்கடா இவன!"

"இனி இவன் பட்டறைக்கு ஒரு குதிரை போகக் கூடாது!"

நான்கைந்து பேர் அவன் கையைக் காலைப் பிடித்துவிட்டார்கள். சம்மட்டி அடிக்கிற உடம்பு, உதறினால் அத்தனை பேரும் விழுவார்கள். ஆனால் அவன் உதறவில்லை, தேம்பிக்கொண்டு நின்றான். இது ஜேபஸின் கணக்கிலேயே இல்லாதது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனான்.

"விடுங்கடா அவன! தட்ட வேண்டியது நானு. மறந்தது நானு. அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

பிடித்திருந்தவர்கள் கை தளர்ந்தது. ஆர்மிஸ்டன் சேற்றில் பூட்ஸ் புதைய வந்து சேர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. "எப்பவும் இப்படித்தான். பழிய முதல்ல தன் தோளுல போட்டுக்குவான்" என்றார் சுற்றியிருந்தவர்களிடம்.

ஜேபஸ் அவசரமாகக் குறுக்கிட்டான். "மறந்தது மட்டும் இல்ல ஐயா. எண்ணச் சொல்லி மலாக்கிகிட்டச் சொன்னதே நான்தான்."

  ஜேபஸ் காத்திருந்தான். இப்போது யாராவது காறித் துப்பினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது அவனுக்கு.

"நீயா? நம்ம ஆளுங்கள நீயே காட்டிக் குடுத்தியா?" என்றான் ஒபதியா. கேட்டுவிட்டு அவனே பலமாகத் தலையை ஆட்டினான். "போ கேப்டன். கேக்கிறவன் கேனையனா?"

"சேப்பல்ல கையடிச்சுச் சொல்லவா? அதோ மலாக்கி. அவனையே கேளுங்கடா!"

மலாக்கி கெராட்டி அப்போது காலன் க்ரீக்காரர்கள் தோளில் உட்கார்ந்திருந்தான். கழுகுக் கண்ணன் என்று பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருஷம் தோற்றுத் தோற்று இன்றுதான் அவர்களுக்குக் கோப்பை. அவனுடைய அப்பா, கிழவர், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு மகனை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். ஆர்மிஸ்டன் கேட்டபோது மலாக்கி ஒரு முறை ஜேபஸைப் பார்த்தான், ஒரு முறை அப்பாவைப் பார்த்தான்.

"எனக்கு யாரும் சொல்லல. நானாத்தான் எண்ணினேன்" என்றான். சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆர்மிஸ்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "பாத்தீங்களா? ஒரு கொல்லனக் காப்பாத்த தன் பேரையே சேத்துல போடுறான். இருபத்தஞ்சு வருஷமா சுரங்கத்துல ஆள் மேய்க்கிறேன், இப்படி ஒருத்தனப் பாத்ததில்ல."

"ஐயா, நான் பொய் சொல்லல. எனக்கு அந்தப் பெர்மிட் வேணும். நான் துரோகம் பண்ணினவன். கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சிருங்க."

"பெர்மிட்டா?" ஆர்மிஸ்டன் அவன் தோளை அணைத்துக்கொண்டார். "இன்னைக்கு ஜெயிச்சிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன்டா. தோத்த அவமானத்துல ஒன்னை ஊரை விட்டு ஓட விட்டேன்னு நாளைக்கு யாரும் என்னைச் சொல்லக் கூடாது. தலை குனிஞ்சு போறவனா நீ? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் ஒன்னைக் கைவிட மாட்டேன்."

"என்னால முடியல ஐயா, நெஞ்சு..."

"எனக்கு மட்டும் நெஞ்சு வலிக்கலியா? எல்லாருக்கும்தான் வலிக்குது." கூட்டத்தைப் பார்த்து உரத்த குரலில் சொன்னார், "இப்பவே, இந்த எடத்துலயே முடிவு பண்ணிருவோம். அடுத்த மூணு வருஷத்துக்கும் ஜேபஸ்தான் கேப்டன். சம்மதம்கிறவங்க கையத் தூக்குங்க!"

சேறு பூசிய கைகள் எல்லாப் பக்கமும் எழுந்தன. ஆட்டக்காரர்கள் தூக்கினார்கள், வேலியோரத்துக் கிழவர்கள் தூக்கினார்கள், ஓட்டு இல்லாத பெண்கள்கூடத் தூக்கினார்கள். ஹானிபல் இரண்டு கையையும் தூக்கினான். கண்ணீர் தாடியில் வழிந்தது.

"எதிர்ப்பு யாராச்சும் உண்டா?" என்று வழக்கத்துக்காகக் கேட்டார் ஆர்மிஸ்டன்.

ஜேபஸ் கையைத் தூக்கினான்.

மைதானமே சிரித்தது. கொஞ்சம் முன்னால் அழுதவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அடக்கத்தப் பாருடா!" என்று யாரோ கத்தினார்கள். ஆர்மிஸ்டன் சிரித்துச் சிரித்து அவன் முதுகில் அடித்தார். ஜேபஸ் தூக்கிய கையை இறக்காமல் நின்றான். கையை இறக்காவிட்டால் யாராவது ஒருவனாவது நம்புவான் என்று நினைத்தானோ என்னவோ.

கெசியா கூட்டத்துக்குள் நுழைந்து அவன் பக்கத்தில் வந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவன் சொன்னது அத்தனையும் உண்மை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தாள்.

"கைய எறக்கு ஜேபஸ். வா, வீட்டுக்குப் போலாம்."

"எங்க வீட்டுக்கு? மைதானத்த ஒரு சுத்துச் சுத்தாம எங்க கேப்டன விடுறதாவது!" என்று ஹானிபல் குனிந்து, ஒரே தம்மில் ஜேபஸைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். இறங்கப் பார்த்தவனை விடாமல், அவன் கால்கள் இரண்டையும் மார்போடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். ஊர் பாடிக்கொண்டே பின்னால் வந்தது.